பெயர் சுட்டிய பின் புனைவு: கெர்பெரோஸ் துணைக்கோளின் ஒப்புருவும் வாய்மையும்

முன்னுரை

எவரும் சென்றிராத ஓரிடத்தைப் பிறர் சென்று காணுமாறு அமைத்துத் தருதல் கணினிக் காலத்தில் தோன்றிய கலைகளுள் ஒன்று. சிமுலேட்டர் என வழங்கும் விண்பயண ஒப்புருவாக்க மென்பொருள்கள் இதற்கு இடமளிக்கின்றன. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்வைகர் உருவாக்கி 2000ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஆர்பிட்டர்' இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. 2021ஆம் ஆண்டு இதன் மூலநிரலும் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. இதில் விண்கலம் இயக்க விதிகளுக்கு உட்பட்டே செல்லும். ஈர்ப்பு விசையை மீறி விரும்பியவாறு திருப்ப இயலாது. பயன்படுத்துவோர் தாமே புதிய கோள்களையும் துணைக்கோள்களையும் இதனுள் சேர்த்துக்கொள்ளலாம்.

அவ்வாறு சேர்க்க முற்படும் ஒருவர் புளூட்டோவின் சிறு துணைக்கோளாகிய கெர்பெரோஸை எடுத்துக்கொண்டால், அவர் முன் ஓர் அறவினா எழுகிறது. அத்துணைக்கோளைப் பற்றி அறிந்தது சிறிதே. ஆயின் திரையில் காட்ட வேண்டியதோ முழுவுருவம். அறியாத பகுதியைக் கற்பனையால் நிரப்புதல் பொய்யுரைத்தல் ஆகுமா? ஆகாது எனின், அக்கற்பனைக்கு எல்லை உண்டா? இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. புனைவின் எல்லை குறித்துத் தமிழ் இலக்கண மரபும் உரை மரபும் நெடுங்காலம் சிந்தித்துள்ளமையால், அச்சிந்தனைகள் இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றன.

கருதலும் காண்டலும்

புளூட்டோ 1930ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. 2006ஆம் ஆண்டு பன்னாட்டு வானியல் ஒன்றியம் அதனைக் குறுங்கோள் என வகைப்படுத்தியது. அதற்குச் சாரன், ஸ்டிக்ஸ், நிக்ஸ், கெர்பெரோஸ், ஹைட்ரா என ஐந்து துணைக்கோள்கள் உள்ளன. இவற்றுள் கெர்பெரோஸ் 2011ஆம் ஆண்டு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படங்களில் ஓர் ஒளிப்புள்ளியாகத் தென்பட்டது. 2013ஆம் ஆண்டு அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. ஏறத்தாழ 57,800 கி.மீ. தொலைவில், சுமார் 32 நாள்களுக்கு ஒருமுறை அது சுற்றி வருகிறது.

ஒளிப்புள்ளிக்கு வடிவம் இல்லை. எனவே அதன் உருவம் குறித்த அறிவு முழுவதும் கருதலாகவே இருந்தது. பிற துணைக்கோள்களின் இயக்கத்தில் கெர்பெரோஸ் விளைவிக்கும் ஈர்ப்பு மாற்றங்களைக் கொண்டு அதன் நிறை மதிப்பிடப்பட்டது. அந்நிறை பெரிதாக இருந்தது. அதிலிருந்து வரும் ஒளியோ மிகக் குறைவாக இருந்தது. நிறை மிகுந்தும் ஒளி குறைந்தும் இருப்பின், பரப்பு இருண்டதாக இருத்தல் வேண்டும். இவ்வாறு கெர்பெரோஸ் கரியைப் போன்று இருண்ட, ஓரளவு பெரிய உடல் என்னும் முடிவு பெறப்பட்டது. 2015ஆம் ஆண்டு ஜூன் திங்களில் 'நேச்சர்' இதழில் மார்க் ஷோவால்டரும் டக்ளஸ் ஹாமில்டனும் வெளியிட்ட ஆய்வுரையில் இக்கருத்து இடம்பெற்றது.

அடுத்த திங்கள், ஜூலை 14 அன்று, நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவைக் கடந்து சென்றது. கெர்பெரோஸின் படம் ஏறத்தாழ 3,96,000 கி.மீ. தொலைவிலிருந்து எடுக்கப்பட்டு, அவ்வாண்டு அக்டோபரில் வெளியிடப்பட்டது. கருதியதற்கு மாறாக, அது சிறியதாக இருந்தது. தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழப் பாதியைத் திருப்பி அனுப்பும் அளவு வெண்மையாகவும் இருந்தது. உருண்டையாகவும் அது இல்லை. ஒன்று சுமார் 8 கி.மீ., மற்றொன்று சுமார் 5 கி.மீ. என இரு மடல்கள் ஒட்டிய வடிவில் காணப்பட்டது. இரு சிறு உடல்கள் மெல்ல மோதி ஒன்றியதால் இவ்வடிவம் அமைந்திருக்கலாம் எனக் கருதப்பட்டது. இந்த அளவுகளும் நிலைபெறவில்லை. 2016ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு, நீண்ட பக்கத்தின் அளவை ஏறத்தாழ 19 கி.மீ. எனத் திருத்தியது.

மணிமேகலை, சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், அறிவைப் பெறும் அளவைகளை எண்ணுமிடத்துக் காண்டலையும் கருதலையும் முதலில் வைக்கிறது. அவ்வளவைகளைக் கெடுக்கும் குற்றங்களையும் எட்டாக வகுக்கிறது. அவற்றுள் திரியக்கோடல், தேராது தெளிதல், இல்வழக்கு ஆகிய மூன்றும் இங்குக் கருதத்தக்கவை. சிப்பியை வெள்ளியென்று கொள்வது திரியக்கோடல். ஆராயாமல் துணிந்து முடிவு கட்டுவது தேராது தெளிதல். முயற்கொம்பு போன்று இல்லாததைச் சொல்லளவில் உள்ளதாகக் கொள்வது இல்வழக்கு.

2015ஆம் ஆண்டின் கருதல் இம்மூன்றனுள் எதிலும் அடங்காது. அது பிழைபட்டது உண்மையே. ஆயின் எந்த அளவீட்டிலிருந்து எம்முடிவு பெறப்பட்டது என்னும் வழி அதில் திறந்து கிடந்தது. வழி திறந்திருந்தமையால், படம் கிடைத்தவுடன் பிழை எங்கே நேர்ந்தது எனக் காண முடிந்தது. நிறை மதிப்பீடே தவறு எனத் தெளியவும் முடிந்தது. பிழைபடுதல் வேறு, பொய்த்தல் வேறு என்பது இந்நிகழ்வால் விளங்குகிறது. தன் வழியைக் காட்டும் பிழை திருந்தும்; வழியை மறைக்கும் கூற்று, தற்செயலாக உண்மையாகவே அமையினும், அதனை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ கேட்போருக்கு இடமில்லை.

வெற்றிடத்தை ஏற்காத கோப்பு

ஒப்புரு அமைப்பவரின் நிலை ஆய்வுரை எழுதுபவரின் நிலையினின்றும் வேறுபட்டது. ஆய்வுரையில் 'அறியப்படவில்லை' என எழுதலாம். கணினிக் கோப்பில் அவ்வாறு எழுத இயலாது. ஆர்பிட்டரில் ஒரு விண்பொருளைச் சேர்ப்பதற்குப் பெயர், நிறை, அளவு, சுற்றுப்பாதைக் கூறுகள், தற்சுழற்சிக் காலம் முதலியவற்றைக் கொண்ட எழுத்துக்கோப்பு ஒன்று தேவை. நிறை என்னும் இடத்தில் ஓர் எண் இருந்தாக வேண்டும். எண் இல்லையேல் ஈர்ப்பு இல்லை. ஈர்ப்பு இல்லையேல் விண்கலம் அதனைச் சுற்றவோ அதன்மேல் இறங்கவோ இயலாது.

அவ்வெண் வெறும் அணியன்று. நிகழ்வுகளை அது முடிவு செய்கிறது. 6 கி.மீ. ஆரமுள்ள ஓர் உருண்டை நீர்ப்பனிக்கட்டியின் அடர்த்தி உடையதெனக் கொண்டால், அதன் விடுபடு திசைவேகம் விநாடிக்குச் சுமார் 4.5 மீட்டராக அமையும். அங்கு நிற்பவர் விரைந்து ஓடினால் மீண்டும் தரையில் விழாமல் விண்வெளிக்குச் சென்றுவிடுவார். நிறையை நான்கு மடங்காக்கினால் அவ்வேகம் இருமடங்காகும். அப்போது ஓடுபவர் தரையிலேயே தங்குவார். தெரியாத எண்ணை இட்டவர் தாம் அறியாமலே ஓர் உலகின் வாழ்நிலையைத் தீர்மானித்துவிடுகிறார்.

மேற்பரப்பின் நிலையும் இத்தகையதே. நியூ ஹொரைசன்ஸ் படத்தில் கெர்பெரோஸ் சில படப்புள்ளிகளின் அளவே உள்ளது. அதன் பள்ளங்களும் விளிம்புகளும் அணுகிக் காணும் அளவுக்குப் பதிவாகவில்லை. எதிர்ப்புறம் தெளிவாகப் பதிவாகவே இல்லை. எனினும் ஒப்புருவில் இறங்குபவர் காலடியில் ஏதேனும் ஒரு தரை இருந்தாக வேண்டும்.

ஒன்றும் சேர்க்காமல் சாம்பல் நிற உருண்டை ஒன்றை வைத்துவிடுவதே நேர்மை எனத் தோன்றலாம். அதுவும் விடையாகாது. உருண்டை என்பதும் ஓர் உரிமைகோரலே. 2015ஆம் ஆண்டுக்கு முன் எளிமை கருதி உருண்டையாக அமைத்த எவரும் கெர்பெரோஸை உள்ளவாறு காட்டியிருக்க இயலாது. மழமழப்பும் சாம்பல் நிறமும் கற்பனையின்மையைக் குறிப்பன அல்ல. கவனமின்றிச் செய்த கற்பனையையே குறிப்பன. எனவே புனைவைத் தவிர்த்தல் என்னும் வழி அமைப்பவருக்கு அடைபட்டுள்ளது. எவ்வாறு புனைவது என்பதே எஞ்சும் வினா.

புனைவும் பொய்யும்

திருக்குறள் வாய்மையை வரையறுக்கும் முறை இங்கு நினைக்கத்தக்கது. உள்ளதை உள்ளவாறு சொல்லுதல் என்று அந்நூல் வாய்மைக்கு இலக்கணம் கூறவில்லை. தீமை பயவாத சொல்லே வாய்மை என்கிறது. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறது. இவ்வளவுகோலைக் கொண்டால், 590 கோடி கி.மீ. தொலைவில் உள்ள உயிரற்ற கல்லொன்றின்மேல் இல்லாத பள்ளம் ஒன்றை வரைவதால் எவருக்கும் தீமை இல்லை எனலாம். இளையோர் அதனைக் கண்டு வானியலில் ஆர்வம் கொள்வராயின் நன்மையும் உண்டு எனலாம்.

இவ்வாதம் வலிமையுடையது. எனினும் தீமை என்பதைக் கல்லுக்கு நேர்வதாக மட்டும் கொண்டு அது பேசுகிறது. தீமை காண்பவருக்கு நேரக்கூடும். ஒப்புருவைக் கண்டவர் அப்பள்ளத்தைக் கெர்பெரோஸின் பள்ளம் என்றே நினைவில் கொள்வாராயின், அது சிப்பியை வெள்ளியென்று கொண்ட திரியக்கோடலாகும். அவர் கண்டு அடைந்ததாக எண்ணும் அறிவு வேறொருவரின் கைவண்ணமே. அவர் இழப்பது ஒரு செய்தியை மட்டுமன்று. எது அறிந்தது, எது அறியாதது எனப் பிரிக்கும் ஆற்றலையும் இழக்கிறார். அவ்வாற்றலை இழந்தவருக்கு நியூ ஹொரைசன்ஸ் அனுப்பிய மங்கிய படம் வியப்பளிக்காது. அதனினும் தெளிவான படத்தை அவர் முன்னரே கண்டுவிட்டார். ஒன்பதரை ஆண்டுகள் பயணம் செய்து பெற்ற அறிவு, ஒரு மாலைப்பொழுதில் வரையப்பட்ட படத்தின்முன் மதிப்பிழந்து நிற்கும்.

இதனால் புனைவு முழுவதையும் விலக்க வேண்டுமென்பது பெறப்படாது. தொல்காப்பியம் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்து அமைவதையே புலனெறி வழக்கம் என்கிறது. இறையனார் களவியலுரையும் களவொழுக்கத்தைப் புலவர் படைத்துக்கொண்ட ஒன்றாகவே கருதுகிறது. அகப்பாடலைப் படிப்பவர் எவரும் அதனைப் பொய் என்று சொல்வதில்லை. விண்பயண ஒப்புருவும் ஒருவகைப் புலனெறி வழக்கமே. அதன் சுற்றுப்பாதை உலகியல்; நிலத்தோற்றம் நாடகம். இரண்டும் கலந்தால்தான் ஒருவர் அங்குச் சென்று நிற்க இயலும்.

பெயர் சுட்டுதல்

அகப்பாடலின் புனைவு ஏன் பொய்யாகவில்லை என்பது மேலும் ஆராயத்தக்கது. அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்பது தொல்காப்பிய விதி. தலைவன், தலைவி, தோழி என்று மட்டுமே அவர்கள் வழங்கப்படுவர். இவ்விதியைப் பொதுமை நோக்கியது என விளக்குவது வழக்கம். அதனுடன், இவ்விதி வாய்மையின் காப்பாகவும் அமைவதைக் காணலாம். பெயர் இல்லாதவிடத்து 'இது இன்னாருக்கு நிகழ்ந்தது' என்னும் உரிமைகோரல் இல்லை. உரிமைகோரல் இல்லாதவிடத்துப் பொய்யும் இல்லை. பெயரின்மையே புலவருக்குப் புனையும் உரிமையை வழங்குகிறது.

பெயர் வந்துவிட்டால் நிலை மாறும். நெடுநல்வாடையில் தலைவன் பெயர் கூறப்படவில்லை. எனினும் பாண்டியர்க்குரிய வேம்பு அதில் இடம்பெற்றிருப்பதால், அது குறிப்பிட்ட ஒருவனைச் சுட்டுகிறது எனக் கொண்டு நச்சினார்க்கினியர் அப்பாட்டைப் புறம் என்றார். அடையாளப் பூவொன்றே பாட்டின் பொருட்பகுப்பை மாற்றும் வலிமை உடையதாகக் கருதப்பட்டது. இம்முடிவைப் பின்வந்தோர் அனைவரும் ஏற்கவில்லை. ஆயினும் அதன் அடிப்படை தெளிவானது: குறிப்பிட்ட ஒருவரைச் சுட்டும் கூற்று, சுட்டாத கூற்றினின்றும் வேறான பொறுப்பை ஏற்கிறது.

இவ்வடிப்படை ஒப்புருவுக்கும் பொருந்தும். ஒருவர் பெயரில்லாத குறுங்கோள் ஒன்றையும் அதற்கொரு சிறு துணைக்கோளையும் முழுவதும் தம் கற்பனையால் அமைப்பாராயின், அதில் எம்மலையை வைத்தாலும் அது அவர் உரிமை. அவ்வொப்புரு அகம் போன்றது. அதே உருவத்துக்குக் கெர்பெரோஸ் என்னும் பெயரையும், 32 நாள் சுற்றுக்காலத்தையும், புளூட்டோவின் அண்மையையும் கொடுப்பாராயின், அது புறமாகிவிடுகிறது. இருப்பதாக உலகம் அறிந்த ஒரு பொருளைப் பற்றி அவர் பேசத் தொடங்கிவிட்டார். கெர்பெரோஸின் மறுபக்கம் முயற்கொம்பு அன்று, அது உண்டு. அதற்கு ஒரு வடிவமும் உண்டு. அவ்வடிவத்தை நாம் அறியவில்லை என்பதே குறை. இல்லாத ஒன்றைப் பற்றிய கற்பனையைப் பொருள் மறுக்காது; உள்ள ஒன்றைப் பற்றிய கற்பனையை அது ஒருநாள் மறுக்கக்கூடும். 2015ஆம் ஆண்டில் கெர்பெரோஸ் அவ்வாறே மறுத்தது. பெயர் சுட்டிய புனைவுக்குக் கடன் உண்டு என்பது இதனால் பெறப்படுகிறது.

இடைவெளியைக் காட்டும் மரபு

அக்கடனைச் செலுத்தும் முறையைத் தமிழ்ப் பதிப்பு வரலாறு காட்டுகிறது. உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு புறநானூற்றைப் பதிப்பித்தார். ஏடுகள் சிதைந்தமையால் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு பல பாடல்களிலும் சொற்களும் அடிகளும் மறைந்திருந்தன. யாப்பறிந்த புலவராகிய அவருக்குச் சீர் தளை கெடாமல் அவ்விடங்களை நிரப்புதல் அரிய செயலன்று. ஆயினும் அவர் நிரப்பவில்லை. சிதைந்த இடங்கள் புள்ளிகளாகவே அச்சாயின. அப்புள்ளிகள் பதிப்பின் குறையைக் காட்டுகின்றன. பதிப்பாசிரியரின் நேர்மையையும் உடன்காட்டுகின்றன.

இதற்கு மாறான நிலைக்குக் கம்பராமாயணம் சான்று. பிற்காலத்தார் தாம் இயற்றிய பாடல்களை அடையாளம் எதுவுமின்றிக் காப்பியத்தினுள் சேர்த்தனர். அவர்கள் நோக்கம் தீயதன்று. கதையை நிறைவாக்குவதாகவே எண்ணியிருப்பர். ஆயின் அவற்றை இனங்கண்டு, மிகைப்பாடல்கள் எனப் பிரித்து அச்சிடப் பின்வந்த பதிப்பாசிரியர்கள் பெரிதும் உழைக்க நேர்ந்தது. அடையாளமின்றி நிரப்பியவர் தம் வேலையைச் சுருக்கிக்கொண்டு, அதன் சுமையைப் பின்வருவோர் தோளில் ஏற்றுகிறார்.

வானியல் நிலப்படங்களிலும் புள்ளியிடும் மரபு உண்டு. நியூ ஹொரைசன்ஸ் கடந்தபோது புளூட்டோவின் தென்பகுதி நீண்ட குளிர்கால இருளில் இருந்தது. எனவே ஆய்வுக் குழுவினரின் நிலப்படங்களில் அப்பகுதி கருமையாகவே விடப்பட்டுள்ளது. பதிப்பாசிரியரின் புள்ளிக்கும் அக்கருமைக்கும் பொருள் ஒன்றே.

ஒப்புரு அமைப்பவரால் இடத்தை வெறுமையாக விட இயலாது. ஆயினும் அடையாளமிட இயலும். கோப்பிலேயே கணினி படிக்காமல் கடந்து செல்லும் குறிப்பு வரிகளுக்கு இடமுண்டு. 'இந்நிறை அளவிடப்பட்டதன்று, பனிக்கட்டியின் அடர்த்தி கொண்டு கணித்தது' என ஒரு வரி அங்கு எழுதினால், எண் தன் வழியைக் காட்டிவிடும். மேற்பரப்புப் படத்துக்கும் இரண்டாம் வடிவம் ஒன்றை அமைத்து, புனைந்த பகுதியை ஒரே வண்ணத்தில் காட்டலாம். காண்பவர் விரும்பும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொள்வார். கணித விதிகளைக் கொண்டு தானே நிலப்பரப்பை உருவாக்கும் 'ஸ்பேஸ் என்ஜின்' போன்ற மென்பொருள்களுக்கு இவ்வடையாளம் இன்னும் தேவை. விதி வரைந்த மலையும் காண்டலால் வந்த மலை அன்று. வரைந்தவர் மனிதர் அல்லர் என்பதால் அது உண்மைக்கு நெருங்கிவிடுவதில்லை.

மறுப்பும் விடையும்

இது விளையாட்டுதானே, விளையாட்டில் வாய்மையைத் தேடலாமா என ஒரு மறுப்பு எழலாம். முழுவதும் விளையாட்டாயின் சுற்றுப்பாதையைச் சரியாக அமைக்க வேண்டுவதில்லை. இயக்க விதி மீறப்படாது என்னும் நம்பிக்கையே இம்மென்பொருளை விரும்புவோரை அதனிடம் ஈர்க்கிறது. ஒருபுறம் துல்லியத்தை உறுதியளித்து, அவ்வுறுதியின் நிழலில் மறுபுறம் புனைவை நிறுத்துவது முறையாகாது. துல்லியம் மிகுந்தோறும் புனைவை அடையாளப்படுத்தும் கடனும் மிகுகிறது.

அடையாளமிட்டால் காட்சியின் இன்பம் கெடும் என்பது மற்றொரு மறுப்பு. புள்ளிகள் உள்ளமையால் புறநானூற்றின் சுவை கெட்டதாக எவரும் கூறியதில்லை. சிதைந்த பாடலைப் படிப்பவர் அப்புள்ளிகளில் ஒரு கணம் நிற்கிறார். அங்கிருந்த சொல் யாதாக இருக்கும் என எண்ணுகிறார். இழப்பை உணர்வதும் படிப்பின் பகுதியாகிவிடுகிறது. அதுபோலத் தாம் நிற்கும் தரை எவரும் காணாத தரை என்பதை அறிந்து கெர்பெரோஸில் நிற்பவருக்கு, அறியாமல் நிற்பவரினும் மிகுதியான வியப்பே உண்டாகும்.

அறிவியலும் பிழைபடுகிறதே என்பது மூன்றாம் மறுப்பு. 2015ஆம் ஆண்டின் கருதல் பிழைபட்டது. காண்டலும் அடுத்த ஆண்டே திருத்தம் பெற்றது. ஆயின் இவ்விரண்டு திருத்தங்களும் நிகழ்ந்ததே வழி திறந்திருந்தமையால்தான். பிழைபடாமல் இருப்பது எவராலும் ஆகாது. பிழை திருந்துவதற்கான வழியை அடைக்காமல் இருப்பது எவராலும் ஆகும். அறம் செய்யக்கூடியதையே கேட்கிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. குறுங்கோளின் சிறு துணைக்கோளை ஒப்புருவாக்கும்போது புனைவு தவிர்க்க இயலாதது. எளிய சாம்பல் உருண்டையும் புனைவே. பெயரில்லாத உலகைப் புனைபவருக்கு அகப்பாடல் புலவருக்குள்ள உரிமை உண்டு. உள்ள பொருளின் பெயரைச் சூட்டியவுடன் அவ்வுரிமை கடனாக மாறுகிறது. கண்டது, கருதியது, புனைந்தது என்னும் மூன்றையும் காண்பவர் பிரித்தறியுமாறு அடையாளமிடுவதே அக்கடன்.

கெர்பெரோஸைச் சுற்றி இறங்கும் நோக்குடன் எவ்விண்கலமும் இதுவரை அனுப்பப்படவில்லை. ஆகவே அதன் மறுபக்கம் நெடுங்காலம் ஒப்புருக்களிலேயே வாழும். ஒருநாள் ஒரு கலம் அங்குச் சென்று அதனைக் காணுமாயின், இன்று வரைந்தவர் காட்டிய பள்ளம் அங்கு இல்லாமல் போகலாம். அதனால் அவர் பொய்யர் ஆகமாட்டார், தாம் வரைந்த இடம் எதுவெனக் குறித்து வைத்திருந்தால்.